மாமனாரின் ரயில்களுக்கு ஊதல் வைத்த வருஷம்

வீட்டோடு மாப்பிள்ளையாக இருப்பதில் உள்ள பெரிய கஷ்டம், சாப்பாடு நன்றாக இருப்பதுதான். மோசமாக இருந்தால் அதையே சாக்காக வைத்துக் கிளம்பிவிடலாம். என் மாமியார் வைக்கும் ரசத்தில் குறை சொல்ல ஒன்றும் கிடையாது. மாமனார் அதிர்ந்து பேச மாட்டார். என் மனைவி அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள், கண்ணைக் கட்டிவிட்டாலும் கொல்லைப்புறம் வரை போய்த் திரும்புவாள். இத்தனை நல்லவர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவன் யாரிடம் போய் முறையிடுவான்?

எனக்குத் திருச்சி. வேலை திருவான்மியூரில், டெலிபோன் கருவிகள் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில். கல்யாணம் ஆனதும், "வீடு கிடைக்கற வரைக்கும் இங்கயே இருங்கோ மாப்ளே, இதுவும் உங்காத்து மாதிரிதான்" என்றார் மாமனார். தொண்ணூறுகளின் பாதி அது. மயிலாப்பூரில் தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர் வீடு. வாசல் அறையை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். ஒழித்துக் கொடுத்தார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. தெருக்கதவு அந்த அறையில்தான் திறக்கும். பால் பாக்கெட், பேப்பர், பாத்திரம் தேய்க்கிறவர், கேஸ் சிலிண்டர், மாமியாரின் சிநேகிதிகள் எல்லாரும் எங்கள் கட்டிலைச் சுற்றித்தான் உள்ளே போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகூட நான் சட்டையைக் கழற்றியதில்லை.

திருச்சியிலிருந்து அப்பா ஃபோன் செய்வார். "என்னடா, அங்க ரேஷன் கார்டுலயே உன் பேரைச் சேத்துட்டாளா?" என்பார். ஃபோன் இருந்தது கூடத்தில். சுற்றி எல்லாரும் உட்கார்ந்திருப்பார்கள். நான், "சௌக்கியம்ப்பா, எல்லாரும் சௌக்கியம்" என்று பதில் சொல்வேன்.

அறையின் மீதிப் பாதியை ரயில் அடைத்திருந்தது. அமெரிக்காவில் இருக்கும் மைத்துனர் ஊருக்கு வரும்போதெல்லாம் அப்பாவுக்கு ஒரு பொம்மை ரயில் எஞ்சின் வாங்கி வருவார். பொம்மை என்றால் குழந்தைகள் விளையாடும் பொம்மை இல்லை. நிஜ எஞ்சினை ஒவ்வொரு திருகாணியும் பிசகாமல் ஒரு சாண் நீளத்துக்குச் சுருக்கியது. மரப்பலகையில் தண்டவாளம் வளைத்துப் பதித்து, மேஜைமேல் ஏற்றி வைத்திருந்தார்கள். ஓரத்தில் ஒரு டிரான்ஸ்பார்மர். அதன் குமிழைத் திருகினால் ரயில் வட்டமாக ஓடும். எத்தனை ஓடினாலும் கிளம்பின இடத்துக்கே வந்து நிற்கும். அந்த ஓட்டத்தைக் கட்டிலில் உட்கார்ந்தபடி பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வரும்.

நான் பார்த்து வைத்த வீடு பாலவாக்கத்தில் இருந்தது. கூட வேலை செய்கிறவரின் உறவினர் வீடு. மாடிப் போர்ஷன், இரண்டு அறை, கடற்காற்று, ஆபீசுக்கு சைக்கிளிலேயே போய்விடலாம். இவை எல்லாவற்றையும்விட, மாடிக்குத் தனியாகப் படி இருந்தது. அந்தப் படியில் எங்களைத் தவிர யாரும் ஏற வேண்டியதில்லை என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. அன்று ராத்திரி சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னேன்.

"பேஷாப் போங்கோ" என்றார் மாமனார். "ஆனா ஆடி பொறந்துடுத்தே. ஆவணியில நாள் பாத்துப் பால் காய்ச்சிடலாம்."

வாடகை வீடாக இருந்தாலும் நல்ல நாளில் பால் காய்ச்சாமல் குடிபோகக் கூடாது. ஆடியில் கூடாது, புரட்டாசியில் கூடாது, மார்கழியில் கூடவே கூடாது. மற்ற மாதங்களில் பஞ்சாங்கம் பார்த்து ஒன்றிரண்டு நாள்தான் தேறும். இதெல்லாம் எனக்கும் தெரியும், நானும் அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவன்தான். ஆவணிக்குக் காத்திருந்தேன்.

ஆவணி பிறந்ததும் மாமனார் பீரோவிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வந்தார். உள்ளே கரி எஞ்சின் ஒன்று, கூடவே விரல்நுனி அளவில் ஒரு சர்க்யூட் போர்டு. "பையன் ஆசையா அனுப்பிச்சிருக்கான். இதைப் பொருத்தினா எஞ்சின் நிஜமாவே கத்துமாமே! பொருத்திட்டுப் போயிடுங்கோ மாப்ளே. பாலவாக்கம் போயிட்டா அப்புறம் எங்க வரப்போறேள்?"

இதை எப்படி மறுப்பது? அவர் வீட்டுச் சோறு தின்று, அவர் ஃபேனுக்குக் கீழே படுத்திருக்கிறேன். ரெண்டு நாள் வேலைதானே என்று சால்டரிங் அயர்னை எடுத்தேன்.

ரெண்டு நாள் வேலை இல்லை. எஞ்சினுக்குப் பின்னால் கரி ஏற்றும் பெட்டிக்குள்தான் போர்டையும் ஸ்பீக்கரையும் அடக்க வேண்டும். சின்ன ஸ்பீக்கருக்கு ஒரு குணம் உண்டு. சும்மா வைத்தால் கொசு மாதிரிக் கீச்சென்று கத்தும், முதுகுப்பக்கம் காற்றுப் போகாமல் மூடிவிட்டால்தான் குரலில் கனம் வரும். ஃபோட்டோ ஃபிலிம் டப்பாவை வட்டமாக அறுத்து, அதற்குள் ஸ்பீக்கரை ஒட்டி, ஒருவழியாகப் பெட்டியை மூடினேன். எஞ்சின் ஓடியது. புஸ் புஸ் என்று புகை விடும் சத்தம், நீளமான ஊதல், எல்லாம் பிரமாதமாக வந்தன. கூடவே டிங் டிங் என்று மணியும் அடித்தது. அமெரிக்காவில் எஞ்சினில் மணி கட்டியிருப்பார்களாம்.

"யாரு இந்த நேரத்துல பூஜை பண்றது?" என்று மாமியார் சமையலறையிலிருந்து கேட்டார்.

மாமனார் கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் கேட்டார். "நம்ம ஊர்ல எஞ்சின் மணி அடிக்காது மாப்ளே, ஸ்டேஷன்லதான் அடிப்பா. மணியை மட்டும் எடுத்துடுங்கோளேன்."

மணியை மட்டும் எடுக்க அது என்ன சாம்பாரில் கறிவேப்பிலையா? எல்லாச் சத்தமும் ஒரே சிப்பில் இருந்தது. எந்தக் காலுக்குக் கரெண்ட் போனால் மணி அடிக்கிறது என்று பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு தேடிக் கண்டுபிடித்து, அதை வெட்டி முடிப்பதற்குள் புரட்டாசி பிறந்துவிட்டது. பாலவாக்கத்து வீட்டுக்காரரிடம் ஐப்பசியில் வருகிறோம் என்று சொன்னேன்.

ஐப்பசியில் பீரோவிலிருந்து இரண்டாவது எஞ்சின் வந்தது. இது டீசல். இதற்குப் போர்டு எதுவும் கிடையாது. "நீங்களே பண்ணிடுங்கோ, உங்களுக்குத் தெரியாததா" என்றார் மாமனார். தெரியும் என்பதுதான் வினையே. எங்கள் கம்பெனியில் ஆள் இல்லாதபோது தானே பதில் சொல்லும் டெலிபோனுக்காக ஒரு சிப் வாங்குவார்கள். மைக் வைத்துப் பேசினால் கொஞ்ச நேரப் பேச்சைப் பதிந்துகொள்ளும். டேப் கிடையாது, சுற்றுவது எதுவும் கிடையாது, கரெண்டை நிறுத்தினாலும் அழியாது. எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் தேடி அதில் ஒன்றை வாங்கினேன். ஊதல் வேண்டுமே! டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு மாம்பலம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் போய் நின்றேன். எழும்பூரிலிருந்து தெற்கே போகும் டீசல் வண்டிகள் அங்கே ஹாரன் அடித்துக்கொண்டு போகும்.

பாலத்தில் கர்சீப் விற்றுக்கொண்டிருந்தவர் என்னையே பார்த்தார். "இன்னா சார், மைக்கு புட்ச்சிகினு கீற? ரேடியோவா?"

"இல்லீங்க, ரயில் சத்தம் வேணும்."

"ரயிலு சத்தமா? அதான் நாள் பூரா காதுல வாங்கிகினு கீறோமே. வூட்டுக்கு வேற எட்த்துகினு போவணுமா?"

நியாயமான கேள்விதான்.

ஊதல் கிடைத்தது. ஸ்பீக்கருக்குத்தான் இடம் கிடைக்கவில்லை. டீசல் எஞ்சினின் வயிறு முழுக்க ஈயக்கட்டியை அடைத்திருந்தார்கள். அதில் பாதியை ரம்பத்தால் அறுத்து எடுத்துவிட்டு ஸ்பீக்கரை வைத்தேன். சத்தம் வந்தது, எஞ்சின் நகரவில்லை. கனம் குறைந்ததால் சக்கரம் இருந்த இடத்திலேயே வழுக்கிச் சுற்றியது. சத்தத்துக்கு இடம் கொடுத்தால் இழுக்க வலு இல்லை. அறுத்த ஈயத்தைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, மோட்டாருக்கு மேலும் கீழும் சந்து பொந்தெல்லாம் திணித்தேன். பிறகு மோட்டாருக்குள் பறக்கும் மின்பொறி ஊதலில் கலந்து கரகரத்தது. அதைச் சரிசெய்ய இன்னும் சில நாட்கள் போயின. கார்த்திகை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டிக் காட்டினேன்.

மாமனார் மறுபடி கண்ணை மூடிக் கேட்டார். "ஊதலுக்கு நடுவுல எவனோ கர்சீப் விக்கறானே மாப்ளே."

விற்றுக்கொண்டுதான் இருந்தார், எனக்கும் கேட்டது. மறுபடி மாம்பலம் போனேன், மறுபடி பதிந்தேன். மார்கழி வந்துவிட்டது.

அந்த மார்கழியை நினைத்தால் இப்போதும் எனக்கு மூச்சு முட்டுகிறது. கச்சேரி கேட்க பம்பாயிலிருந்து உறவினர்கள் வந்து இறங்கினார்கள். மனைவியின் சித்தப்பா ஒருவருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் எங்கள் அறையில் பாய் போட்டார்கள், என் மனைவி அம்மாவோடு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அவர்களுடைய பெட்டிகள் என் கட்டிலுக்கு அடியில். விடிவதற்கு முன்பே ஜன்னலை உரசிக்கொண்டு பஜனைக் கோஷ்டி போகும். நான் பல் தேய்க்கப் போனால் பாத்ரூமுக்கு வெளியே வரிசை. "மாப்பிள்ளை என்ன பண்ணிண்டிருக்கார்?" என்று வருகிறவர்கள் கேட்பார்கள். "ரயில் பண்ணிண்டிருக்கார்" என்று மாமியார் பெருமையாகச் சொல்வார். கல்யாணமாகியும் மனைவியோடு பத்து வார்த்தை தனியாகப் பேச முடியாத நான், யாருக்கோ ரயில் பண்ணிக்கொண்டிருந்தேன்.

மாமனாரை நான் வெறுக்க ஆரம்பித்தது அப்போதுதான். அவர் சிரிக்கச் சிரிக்க என்னைக் கட்டிப்போடுகிறார் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது. பாலவாக்கத்து வீட்டுக்காரர், "தை மாசத்துக்குள்ள வந்துடுங்க தம்பி, அதுக்கு மேல வீட்டச் சும்மா போட்டு வைக்க முடியாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தையில் நல்ல நாள் ஒன்றை நானே காலண்டரில் பார்த்து, அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்தேன்.

எதிர்பார்த்தபடியே பொங்கல் முடிந்த மறுநாள் மூன்றாவது எஞ்சின் பெட்டி மேஜைமேல் இருந்தது. இந்த முறை குறை சொல்ல இடமே வைக்கக் கூடாது என்று ஆபீசுக்கு லீவு போட்டு உட்கார்ந்தேன். கர்சீப் இல்லாத ஊதல், கரகரப்பு இல்லாத ஊதல், மணி இல்லாத ஊதல். திறந்து வைத்து ஓட்டியபோது கணீரென்று வந்தது. மேல்மூடியைத் திருகினேன். எல்லாரையும் கூப்பிட்டேன். மாமனார் நாற்காலியில் உட்கார்ந்தார், மாமியார் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார், மனைவி உள்கதவில் சாய்ந்து நின்றாள்.

குமிழைத் திருகினேன். ரயில் ஓடியது. ஊதலுக்கான பொத்தானை அழுத்தினேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி அழுத்தினேன். மோட்டாரின் முனகல் தவிர ஒரு சத்தமும் இல்லை. மூடியைத் திருகும்போது ஸ்பீக்கரின் தலைமயிர் போன்ற மெல்லிய ஒயர் அறுந்திருக்கிறது. "ஒரு நிமிஷம் மாமா" என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் மாமனார், மூடிய கண்ணைத் திறக்காமலே, "ஊதல் கொஞ்சம் கட்டையா இருக்கே மாப்ளே. இன்னும் சித்த ஏத்தமா இருந்தாத் தேவலை" என்றார்.

"ஆமாமாம், கட்டையாத்தான் இருக்கு" என்றார் மாமியார்.

நான் குமிழைத் திருகி ரயிலை நிறுத்தினேன். "மாமா, இதுல சத்தமே வரலை."

அவர் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்க்கவில்லை. உள்கதவுப் பக்கம் பார்த்தார். அங்கே என் மனைவி இல்லை. சற்று முன்பு வரை நின்றிருந்தவள் உள்ளே போயிருந்தாள்.

"சட்டையைப் போட்டுக்கோங்கோ, வாழைப்பழம் வாங்கிண்டு வரலாம்" என்றார் மாமனார். நான் சட்டையோடுதான் நின்றிருந்தேன்.

மாடவீதியில் நடந்தோம். பழக்கடையைத் தாண்டிப் போய்விட்டோம். பிறகு அவராகவே சொன்னார். "எனக்கு ரயிலே பிடிக்காது மாப்ளே. கல்யாணத்துக்கு முன்னாடி மாம்பலத்துல குடியிருந்தப்போ தினம் எலக்ட்ரிக் ட்ரெயின்ல தொங்கிண்டு ஆபீஸ் போனவன் நான். அந்தச் சத்தம் கேட்டாலே இப்பவும் தோள்பட்டை வலிக்கும். பையன் வாங்கிண்டு வரான், வேண்டாம்னா மனசு கஷ்டப்படுவான். நீங்க சால்டர் பண்ற புகையில எனக்கு ராத்திரியெல்லாம் இருமல். என் வாசல் ரூம்ல நாற்காலியைப் போட்டுண்டு பேப்பர் படிச்சு எத்தனை நாளாச்சு தெரியுமோ?"

"அப்புறம் எதுக்கு மாமா இத்தனை எஞ்சின்?"

"அவதான் சொன்னா. 'இன்னொரு எஞ்சினைக் குடுங்கோப்பா, இந்த முகூர்த்தம் தாண்டட்டும்'னு. பெத்த பொண்ணு கேட்டா என்ன பண்றது? நான் ஒண்ணும் சொன்னதாக் காட்டிக்காதேங்கோ."

நான் காட்டிக்கொள்ளாமல் இருக்க மகான் இல்லை. வீட்டுக்கு வந்ததும் அவளை மொட்டை மாடிக்குக் கூப்பிட்டேன். அந்த வீட்டில் இரண்டு பேர் பேசிக்கொள்ள வேறு இடம் கிடையாது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஓர் அறை உண்டு, பழைய சாமான்கள் போட்டு வைத்திருப்பது. அதன் வாசலில் நின்று கத்தினேன். எத்தனை மாதமாக நான் சட்டையைக் கழற்றாமல் இருக்கிறேன், அப்பாவிடம் எத்தனை கேலி கேட்கிறேன், உன்னோடு தனியாக இருக்கத்தானே இந்தப் பாடு, நீயே இப்படிச் செய்யலாமா என்றெல்லாம் கத்தினேன்.

நான் ஓய்ந்ததும் சொன்னாள். "நான் பாடம் எடுக்கற ஸ்கூல் லஸ்ல. இங்கேந்து நடந்து போறேன். சாயங்காலம் வந்தா அம்மா டிபன் வெச்சிருக்கா. பேப்பர் திருத்தறேன், தூங்கறேன். பாலவாக்கத்துலேந்துன்னா விடியக் கார்த்தால எழுந்து சமைச்சு, உங்களுக்குக் கட்டிக் குடுத்து, ரெண்டு பஸ் மாறணும். திரும்பி வந்து மறுபடி சமைக்கணும். நீங்க பால்கனியில நின்னு காத்து வாங்குவேள். இங்க நான் இந்தாத்துப் பொண்ணு. அங்க வந்தா உங்காத்துக்காரி. ரெண்டும் ஒண்ணா?"

"அதை என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"வீடு பாத்துட்டு வந்துதானே என்கிட்ட சொன்னேள்?"

கேட்டேன் என்றுதான் எனக்கு நினைவு. இன்றுவரை இதில் எங்களுக்குள் வழக்கு உண்டு.

"உங்களுக்கு இங்க மூச்சு முட்டறதுன்னு எனக்குத் தெரியாதா? நன்னாத் தெரியும்" என்றாள். "எனக்கு அங்க முட்டும். வான்னு சொன்னா வரேன், வராம எங்க போகப்போறேன்? யாருக்கு முட்டினாப் பரவாயில்லைன்னு நீங்களே சொல்லுங்கோ."

அவள் அழவில்லை. கோபமாகக்கூடக் கேட்கவில்லை. வா என்று சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன், வரவில்லை. பெருந்தன்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எனக்கு அந்த நேரத்தில் அவள்மேல் அத்தனை எரிச்சல். ஆனால் தினமும் அவள் முகத்தில் அந்த மூச்சுமுட்டலைப் பார்த்துக்கொண்டு கடற்காற்று வாங்க முடியாது என்று தெரிந்தது. மாமனார்தான் கட்டிப்போட்டிருக்கிறார் என்று நினைத்தவரைக்கும் எனக்கு ஒரு தெம்பு இருந்தது, என்றைக்காவது எஞ்சின் தீர்ந்துபோகும் என்று. இப்போது எந்தக் கதவும் சாத்தியிருக்கவில்லை. எங்கே வேண்டுமானாலும் போகலாம், போக முடியவில்லை. நான் தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். அவள் முந்தானையைக் கொடுத்தாள்.

மறுநாள் தெருமுனை எஸ்டிடி பூத்திலிருந்து பாலவாக்கத்துக்கு ஃபோன் செய்து வேண்டாம் என்று சொன்னேன். வீட்டுக்காரர் காரணம் கேட்டார். வீட்டில் ஒத்துவரவில்லை என்றேன். "முதல்லயே கேட்டுக்கிறதில்லையா தம்பி?" என்றார். அவருக்கும் அது தெரிந்திருந்தது.

திரும்பி வந்து சேதி சொன்னதும் மாமனாரின் முகம் தொங்கிப்போனது. பாவம், தையோடு வாசல் அறை தனக்குத் திரும்பிவிடும் என்று அவரும் நாள் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். என் மனைவிதான், "மாடி ரூம் சும்மாத்தானே கிடக்கு" என்றாள். மாமனார் எழுந்தே விட்டார். "வெள்ளையடிச்சுத் தரேன் மாப்ளே, இன்னிக்கே ஆளைச் சொல்றேன்."

காலண்டரில் நான் சிவப்பு மையால் வட்டமிட்ட அதே நாளில் குடிபோனோம். கட்டிலை நாலு பேர் சேர்ந்து மாடிப்படியில் ஏற்றினார்கள். ரயில் பலகையையும் கூடவே ஏற்றிவிட்டார்கள், அதற்கு மட்டும் என்னிடம் கேட்கவில்லை. அஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, பம்ப் ஸ்டவ்வில், மாமியார் புதுப் பாத்திரத்தில் பால் காய்ச்சினார். திருச்சியிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். அப்பா அறையைச் சுற்றிப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கேலி செய்யவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கியது. நல்ல சகுனம் என்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். ஆளுக்கொரு டம்ளர் குடித்துவிட்டு இறங்கிப் போனார்கள். கடைசியில் நாங்கள் இருவர் மட்டும் நின்றோம். நான் போய்க் கதவைச் சாத்தினேன், தாழ்ப்பாள் போட்டேன், கல்யாணமாகி முதல்முறையாகச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். என் மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"மாப்ளே, இலை போட்டாச்சு!" என்று கீழேயிருந்து மாமனார் கூப்பிட்டார்.

சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு இறங்கினேன்.